சிடி நார்மல், ஆனால் தலை இன்னும் சுற்றுகிறது

9 ஜூன் 2024: ஒரு வாசகரின் கேள்வி

பைக்கில் இருந்து விழுந்து ஏழு வாரம் ஆகிறது. தலையில் அடி. நினைவு தப்பவில்லை, ஒரு தடவை வாந்தி. சிடி ஸ்கேன் நார்மல். ஆனால் தலைசுற்றல் விடவே இல்லை. இரண்டு டாக்டரைப் பார்த்தாச்சு. ஒருவர் மாத்திரை எழுதினார், இன்னொருவர் டென்ஷன் என்கிறார். இதற்கு யாரிடம் போக வேண்டும்? வயது 26, மதுரை.

9 ஜூன், இரவு

தம்பி, இதைப் படித்ததும் பீரோவில் இருந்து என் பழைய பைலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 2022 நவம்பர், மழை விட்ட ஒரு சாயங்காலம், திருச்சியில் எங்கள் தெரு முனையில் இருக்கிற வேகத்தடையில் கொழுந்தனார் ஓட்டிய ஸ்கூட்டர் தூக்கிப் போட்டது. பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தேன், ஹெல்மெட் இல்லை, பின்மண்டை ரோட்டில் இடித்தது. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போனேன். அன்று ராத்திரியே சிடி எடுத்தார்கள், நார்மல்.

நார்மல் என்றால் மண்டை ஓடு உடையவில்லை, உள்ளே ரத்தம் கசியவில்லை, அவ்வளவுதான். மூளை அதிர்ச்சி சிடியில் தெரியாது. நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்பதும் இல்லை. காதுக்குள்ளே இருக்கிற சமநிலை உறுப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதையும் அந்தப் படம் சொல்லாது. இந்த மூன்றையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. பதினொரு வாரம், "எல்லாம் நார்மல், பிறகு ஏன் இப்படி" என்று என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தேன்.

யாரிடம் போவது என்பதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். எப்போது சுற்றுகிறது, எத்தனை நேரம், என்ன செய்தால் வருகிறது?

10 ஜூன், காலை

பஸ்ஸில் போகும்போது யோசித்தது. நான் முதல் மூன்று டாக்டரிடமும் "மயக்கமா வருது சார்" என்றுதான் சொன்னேன். அந்த ஒரு சொல்லே என்னை வேறு பாதையில் கொண்டுபோய்விட்டது. ஹீமோகுளோபின் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நம் பேச்சில் கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், பசியில் சோர்ந்து போவதும் மயக்கம், நினைவு தப்பி விழுவதும் மயக்கம், ரூமே சுழல்வதும் மயக்கம்தான்.

நாலாவது டாக்டர் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர், வயதானவர். அவர்தான் "மயக்கம்ங்கிற வார்த்தையை விட்டுட்டு நடந்ததை மட்டும் சொல்லும்மா" என்றார். சொன்னேன். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் சீலிங் ஃபேன் ஓடாமலே சுத்துது. எண்ணிப் பார்த்தால் முப்பதுக்குள் நின்னுடுது. நடந்தால் மெத்தை மேல் நடக்கிற மாதிரி இருக்கு. கரும்பலகையில் எழுதிவிட்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினால் வகுப்பு ஒரு நொடி தாமதமாக வந்து நிற்குது. (நான் கணக்கு டீச்சர்.) அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்போ இது ரெண்டு மூணு விஷயம், ஒண்ணு இல்ல" என்றார். அந்த நாளில் இருந்துதான் எனக்கு விடியத் தொடங்கியது.

ஆகவே, படுக்கையில் புரண்டால் வருகிறதா, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, கடையில் கூட்டத்தில் நடந்தால் தள்ளுகிறதா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மணிக்கணக்கில் இருக்கிறதா, இதை ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். நேரத்தோடு எழுதுங்கள். செல்போன் ஸ்கிரீன் ஒத்துக்கொள்ளாது, நோட்டே நல்லது.

10 ஜூன், மதியம்

புரண்டு படுத்தால் அதிகமாகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் என்னுடையதேதான், காதுக் கல். கவலைப்படாதீர்கள், இது சரியாகிவிடும்.

11 ஜூன்

காதுக் கல் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்னிக் கல் மாதிரி இல்லை. உள்காதில் ஒரு சின்னப் பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டு இருக்கும், கண்ணுக்கே தெரியாத அளவு. ஈர்ப்பு எந்தப் பக்கம், தலை எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்வது அவற்றின் வேலை. தலையில் பலமாக அடிபட்டால் சில துகள்கள் பிய்ந்துகொண்டு, பக்கத்தில் இருக்கிற அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். அது தலை திரும்புவதை அளக்கும் குழாய். நீங்கள் புரண்டு படுத்தால் துகள்கள் உருண்டு உள்ளே இருக்கிற திரவத்தைத் தள்ளும், தலை நின்ற பிறகும் மூளைக்கு "இன்னும் சுற்றுகிறது" என்று சேதி போகும். துகள்கள் அடங்கியதும் சுற்றலும் அடங்கும். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்.

கண்டுபிடிக்க மிஷின் தேவையில்லை, ஒரு கட்டில் போதும். 1952ல் டிக்ஸ், ஹால்பைக் என்று லண்டனில் இரண்டு மருத்துவர்கள் எழுதி வைத்த சோதனை. என்னைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்தார், தலையை இடப்பக்கம் பாதி திருப்பிப் பிடித்தார், "கண்ணை மூடாதே, என் மூக்கைப் பார்" என்று சொல்லி சட்டென்று பின்னால் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்கியது. இரண்டு மூன்று நொடி ஒன்றுமே இல்லை. அப்புறம் அவர் முகம், டியூப்லைட், சுவரில் இருந்த காலண்டர் எல்லாம் ராட்டினம் மாதிரி கிளம்பிவிட்டது. நான் அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் அசையாமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், கருவிழி துள்ளித் துள்ளிச் சுழல்வதை என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, இதுதான். இவங்க கற்பனை இல்ல."

அந்த வார்த்தையைக் கேட்டு அழுதுவிட்டேன். பதினொரு வாரத்தில் முதல் தடவையாக என் தலைசுற்றலை இன்னொருவர் பார்த்தார்.

அங்கேயே எப்லி முறை செய்தார். தலையை ஒவ்வொரு நிலையிலும் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் வைத்து, எதிர்ப்பக்கம் திருப்பி, ஒருக்களிக்கவைத்து, கடைசியில் உட்காரவைத்தார். துகள்கள் வந்த வழியே பழைய இடத்துக்கு உருண்டு போய்விடும். ஜான் எப்லி என்கிற அமெரிக்க மருத்துவர் 1980ல் இதைச் சொன்னபோது சக மருத்துவர்களே நம்பவில்லை, விரிவான கட்டுரை 1992ல்தான் வந்தது. எனக்கு மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. அடிபட்டு வந்த கல் என்றால் ஒரே தடவையில் அடங்காமலும் போகலாம், இரண்டு காதிலும் இருக்கலாம், திரும்பவும் வரலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

யூடியூபில் எப்லி வீடியோ நிறைய இருக்கிறது, நீங்களும் செய்து பார்க்கலாம்.

12 ஜூன்

நேற்றுக் கடைசியில் எழுதியதை விட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்க உறுத்தியது. உங்களுக்குத் தலையில் அடி, கழுத்தையும் யாராவது பார்த்தார்களா? கழுத்தில் காயம் இல்லை என்று உறுதியாகாமல் தலையைத் தொங்கவிட்டுத் திருப்பக் கூடாது. அது போக, ஒரு காதுக்கு மூன்று அரைவட்டக் குழாய்கள். அந்த வீடியோ காட்டுவது பின்குழாய்க்கான முறை. கல் கிடைமட்டமாக இருக்கிற குழாயில் இருந்தால் முறையே வேறு. எந்தக் காது, எந்தக் குழாய் என்று கண் அசைவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், நமக்கு நம் கண் தெரியாது. முதல் தடவை ஆளிடம் போய்த்தான் செய்ய வேண்டும்.

15 ஜூன்

அம்மா இன்று போனில், "உனக்கு அப்பவே சொன்னேன், பித்தம்" என்றாள். அடிபட்ட அந்த மாதங்களில் தினம் காலையில் இஞ்சிச் சாறும் தேனும் கொடுத்தாள், வெள்ளிக்கிழமை திருஷ்டி சுற்றிப் போட்டாள். வயிற்றுப் பிரட்டலுக்கு இஞ்சி நிஜமாகவே இதமாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறேன் என்று என் தலையைப் பின்னால் சாய்த்தாளே, அன்று குளியலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போது யோசித்தால் அவள் கை செய்ததும் கிட்டத்தட்ட அந்த டாக்டர் சோதனைதான்.

காதில் வெந்நீர் விடும் சோதனை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், எனக்கும் செய்தார்கள், கண்ணில் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு கேமரா மாட்டி. 30 டிகிரி நீர், அப்புறம் 44 டிகிரி நீர், ஒவ்வொரு காதிலும். எந்தக் காது மந்தம் என்று அதில் தெரியும். இது ராபர்ட் பாரனி என்கிற வியன்னா மருத்துவர் கண்டுபிடித்தது. நோயாளிகளின் காதைக் கழுவும்போது நீர் குளிர்ந்திருந்தால் கண் ஒரு பக்கம் துள்ளும், சூடாக இருந்தால் மறுபக்கம் துள்ளும் என்று கவனித்திருக்கிறார். 1914க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன், கணக்குப் பாடத்தில் அரைமணி நேரம் போய்விட்டது.

18 ஜூன், மாலை

அப்பாவுக்கு 71 வயது, பாத்ரூமில் விழுந்து நாலு வாரம், அன்று எடுத்த சிடி நார்மல், இப்போது இரண்டு நாளாக நடை தள்ளுகிறது, தலைவலி, பகலெல்லாம் தூங்குகிறார், இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்று கீழே எழுதியிருப்பவருக்கு: இதைப் படித்த உடனே கிளம்புங்கள். நாளைக் காலை வரை வைத்திருக்காதீர்கள். சிடி வசதி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய், விழுந்த தேதியையும் அந்த மாத்திரையின் பெயரையும் முதலில் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கி இருக்கும், அதைச் சுற்றி இருக்கிற சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு இருக்கும், அடிபட்ட பிறகு வாரக்கணக்கில் மெதுவாக ரத்தம் கசிந்து சேரலாம். அன்றைய சிடி இன்றைக்குச் செல்லாது.

வயது குறைந்தவர்களும் கவனியுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போவது, விடாத வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு கை கால் வலுவிழப்பு, இரட்டைப் பார்வை, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், காதில் மூக்கில் தண்ணீர் மாதிரி வடிவது, இதில் எது வந்தாலும் இங்கே கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

19 ஜூன்

பாத்ரூமில் விழுந்த அந்த அப்பாவின் மகள் எழுதியிருக்கிறார். இரண்டாவது சிடியில் ரத்தம் சேர்ந்திருந்ததாம், ராத்திரியே மண்டையில் துளை போட்டு வெளியே எடுத்தார்களாம், இன்று காலை காபி கேட்டாராம். எனக்குக் கை நடுங்குகிறது. வேறு ஒன்றும் எழுத ஓடவில்லை.

27 ஜூன்

மதுரைத் தம்பிக்குக் காதுக் கல் இல்லை. சோதனையில் இரண்டு பக்கமும் சுத்தம். நான் "அதேதான்" என்று அடித்துச் சொன்னது தப்பு. என் அனுபவத்தை அவர் தலைமேல் ஏற்றிவிட்டேன், மன்னிக்கணும் தம்பி.

ஆனால் அவருடைய நோட்டில் பதில் இருந்தது. ஏழு நாளில் நாலு தடவை, ஒவ்வொன்றும் இரண்டு மணியில் இருந்து ஐந்து மணி நேரம். அந்த நேரத்தில் டியூப்லைட் வெளிச்சம் ஆகவில்லை, மிக்ஸி சத்தம் ஆகவில்லை. தலைவலி சில தடவைதான். புரண்டால் அதிகமாகிறது என்றார், புரண்டால்தான் வருகிறது என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை நான் கவனிக்காமல் விட்டேன். அவர் அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டாம். நரம்பியல் மருத்துவர் நோட்டைப் பார்த்துவிட்டு, அடிக்குப் பிறகு கிளம்பிய மைக்ரேன், தலைசுற்றலாக வருகிறது என்று சொல்லி, தடுப்பு மாத்திரை ஒன்று குறைந்த அளவில் ஆரம்பித்திருக்கிறார். மைக்ரேன் என்றால் தலைவலி இருந்தே ஆக வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். தேவையில்லையாம்.

28 ஜூன்

மாத்திரை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நான் மருந்து படித்தவள் இல்லை, எனக்குச் சொல்லப்பட்டதைச் சொல்கிறேன். புரோகுளோர்பெரசின், சின்னாரிசின் இரண்டும் சுற்றலை அமுக்கி வைக்கிற ரகம். ஆரம்பத்தில் வாந்தியும் சுற்றலுமாகத் துடிக்கிற சில நாளைக்குச் சரி. மாதக்கணக்கில் போட்டால், மூளை புது நிலைமைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிற வேலையே தாமதமாகும். வயதானவர்களுக்கு நடுக்கம், உடல் விறைப்பு கூட வரலாம். நான் எட்டு வாரம் தொடர்ந்து சாப்பிட்டேன், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் சீட்டில் இருந்தால் "இது எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். காதுக் கல்லாக இருந்தால் எந்த மாத்திரையும் அதை நகர்த்தாது.

7 ஜூலை

கல் போன பிறகும் எனக்கு மிச்சம் இருந்தது. படுக்கையில் சுற்றுவது நின்றது, நடந்தால் மெத்தை மாதிரி இருப்பது நிற்கவில்லை. இடது காது மந்தம் என்று நீர்ச் சோதனையில் வந்தது. இதற்கு மருந்து இல்லை, பயிற்சிதான் என்று பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்கள்.

பயிற்சியைப் பார்த்தால் "இவ்வளவுதானா" என்று தோன்றும். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு "அ" எழுதிக் கண் மட்டத்துக்குச் சுவரில் ஒட்டினேன். ஒரு கை நீளத்தில் நின்று, எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், தலையை மட்டும் "இல்லை இல்லை" என்பது போல ஆட்ட வேண்டும். எழுத்து தெளிவாக நிற்க வேண்டும், கலங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதல் நாள் பத்தே ஆட்டலில் "அ"வின் சுழி இரண்டாகிவிட்டது, உமிழ்நீர் ஊறிக் குமட்டியது, தரையில் உட்கார்ந்தேன். அவர், "கொஞ்சம் சுத்தணும், அப்பதான் மூளை கத்துக்கும், பதினஞ்சு நிமிஷத்துல அடங்கிட்டா சரியான அளவு" என்றார். மூன்றாம் வாரம் ஒரு நிமிஷம் நிறுத்தாமல் செய்தேன். ஐந்தாம் வாரம் "அ"வைக் கட்டம் போட்ட துண்டின் மேல் குத்திவைத்துச் செய்யச் சொன்னார், அது தனிக் கொடுமை.

1940களில் காதார்ன், குக்ஸி என்கிற இரண்டு பேர் இங்கிலாந்தில் தலையில் அடிபட்டவர்களுக்காக இப்படிப் பயிற்சிகளை வகுத்திருக்கிறார்கள். அதுவரை படுக்கவைத்திருந்தவர்களை எழுப்பி, தலையையும் கண்ணையும் ஆட்டவைத்து, பந்து தூக்கிப் போட்டுப் பிடிக்கவைத்தார்கள். கல் இருக்கும்போது இதைச் செய்து பயனில்லை, முதலில் கல், அப்புறம் பயிற்சி. தம்பியின் டாக்டரும் மைக்ரேன் அடங்கிய பிறகு மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றாராம்.

21 ஜூலை

"டென்ஷன்" என்று சொல்லி அனுப்பியதைப் பற்றி. என்னிடமும் ஒருவர் சொன்னார். அன்று வீடு வரும் வரை பேசவில்லை. அதனாலேயே அந்தச் சொல் மேல் எனக்குக் கோபம், அந்தக் கோபத்தில் ஒரு விஷயத்தை நான் தாமதமாகத்தான் ஒத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் கல் இல்லை, "அ" கலங்கவில்லை, ஆனாலும் சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு பக்கமும் அடுக்கு, நடுவில் பளபளக்கிற டைல்ஸ், அங்கே நுழைந்தால் தரை ஆடியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் குறுக்கே ஓடினால் தூணைப் பிடித்துக்கொள்வேன். விழுந்துவிடுவேனோ என்று உடம்பை விறைத்து, தரையைப் பார்த்தே நடந்தேன். காதைச் சரிசெய்த பிறகும் மூளை ஆபத்துக் கணக்கை மாற்றாமல் கண்ணையே நம்பிக்கொண்டு இருக்கும் நிலை இது. மூன்று மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால் இதற்கென்று தனிப் பெயர் உண்டு, பிபிபிடி என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அந்த நோபல் பாரனியின் பெயரில் இயங்குகிற மருத்துவர் சங்கம்தான் 2017ல் இதன் அடையாளங்களை வரையறுத்தது. பயம் இதை வளர்க்கும், ஆனால் பயத்தால் மட்டும் கிளம்புவது இல்லை. பயிற்சி, மனநல ஆலோசனை, சிலருக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரையே இதற்கும் உதவும். எனக்கு ஆலோசனை உதவியது. "டென்ஷன், போங்க" என்பதும், "உங்கள் மூளை இன்னும் காவல் காக்கிறது, அதை இறக்கிவிடலாம்" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது மாதிரி பேசுகிற ஆளிடம் போங்கள்.

11 ஆகஸ்ட்

இருட்டு அறையில் படுத்தே இருக்கணுமா என்று கேட்டவருக்கு: முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அதிலும் முழுக்கப் படுக்கை வேண்டாம். அதற்குப் பிறகு மெதுவாக நடக்கத் தொடங்குவதுதான் நல்லது என்று 2022ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் மூன்று வாரம் திரைச்சீலையை மூடிப் படுத்திருந்தேன், அந்த மூன்று வாரத்துக்காக இன்றும் வருத்தம்.

தம்பி பைக் ஓட்டலாமா என்கிறார். சுற்றல் இல்லாத நாள் அடுத்தடுத்து எத்தனை என்று நோட்டைப் பாருங்கள், முடிவு உங்கள் டாக்டருடையது. என் பிசியோதெரபிஸ்ட் எனக்கு வைத்த சோதனை, மொட்டைமாடியில் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே கோடு மேல் நடப்பது. அதில் கால் தடுமாறுவது நிற்கும் வரைக்கும் வண்டிச் சாவியைத் தொடவில்லை.

20 அக்டோபர்

எனக்குத் திரும்ப வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு அலாரத்தை அணைக்கப் புரண்டேன், ஃபேன் கிளம்பிவிட்டது. கண்ணை மூடாமல் எண்ணினேன், இருபத்திரண்டில் நின்றது. வலப்பக்கம் புரண்டு பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுபடி இடம், மறுபடி ஃபேன். சுவரைப் பிடித்து எழுந்து நோட்டில் "இடது, 22" என்று எழுதினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. எட்டரைக்கு அந்த வயதானவர் கட்டிலில் சாய்த்துப் பார்த்தார், அதே காது, அதே குழாய், ஒரே தடவை திருப்பினார். பத்து நிமிஷம் வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். இரண்டாவது பீரியடுக்கு வகுப்பில் இருந்தேன். இருபடிச் சமன்பாடு.